பயிற்சியா, விசாரணையா: ஏமனுக்கு எந்த உதவி பலித்தது?

2021 அக்டோபர் 7 அன்று ஜெனீவாவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 18, எதிர்ப்பு 21, யாருக்கும் போடாமல் ஒதுங்கியவை 7. ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2006இல் தொடங்கியதிலிருந்து ஒரு தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது அதுதான் முதல் தடவை. அந்தத் தீர்மானம் அப்படி ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. ஏமன் போரில் யார் யாரைக் கொல்கிறார்கள், எப்படிக் கொல்கிறார்கள் என்று விசாரித்து எழுதிவந்த நிபுணர் குழுவுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கொடுங்கள் என்று கேட்டது. கொடுக்கவில்லை. குழு கலைந்தது.

அதே கூட்டத்தொடரில் ஏமனைப் பற்றிய இன்னொரு தீர்மானம் வாக்கெடுப்பே இல்லாமல் நிறைவேறியது. அதன் பொருள் தொழில்நுட்ப உதவியும் திறன் மேம்பாடும். இந்தச் சொல்லை முதல் முறை படித்தபோது யாரோ ஏமனுக்கு மோட்டார் ரிப்பேர் பார்க்க ஆள் அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஐ.நா. வழக்கில் அர்த்தம் வேறு. நீதிபதி, போலீஸ், சிறை அதிகாரி, அரசு அமைக்கும் விசாரணை ஆணையம் ஆகியோருக்குப் பயிற்சி தருவது, ஆலோசனை சொல்வது, சட்டம் எழுதக் கைகொடுப்பது. பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு 10ஆம் இனம், அதாவது பத்தாவது தலைப்பு, என்று பெயர். 10ஆம் இனத்தில் உங்கள் நாடு பேசப்பட்டால் உங்கள் சம்மதத்தோடு பேசுகிறார்கள் என்று பொருள். 4ஆம் இனத்தில் பேசப்பட்டால் உங்களைக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் என்று பொருள். ஜெனீவாவில் பாதி சண்டை எந்த இனத்தில் பேசுவது என்பதிலேயே முடிந்துவிடும்.

சரி, கேள்விக்கு வருவோம். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் போரில் சிக்கிய ஒரு நாட்டுக்கு, மனித உரிமை விஷயத்தில் வெளியே இருப்பவர்கள் உதவ வேண்டுமென்றால் எதைத் தேர்வது? அரசுக்குப் பயிற்சியா? வெளியாட்களை வைத்து விசாரணையா? நாளைக்கு வழக்கு வரும் என்று நம்பிச் சாட்சியம் சேர்த்துவைப்பதா? அல்லது அந்த ஊரிலேயே உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு நேராகத் துணை நிற்பதா? இந்த நாலையும் ஏமனை வைத்து எடைபோட முடியும். மூன்றை அங்கே செய்தே பார்த்துவிட்டார்கள். சாட்சியம் சேர்ப்பது மட்டும் சிரியாவுக்குக் கிடைத்து ஏமனுக்குக் கிடைக்காமல் போன வழி.

ஏமன் என்றால் நம்மில் பலருக்கு 2015 ஏப்ரலில் இந்தியக் கடற்படைக் கப்பல்கள் ஏடன், ஹொதைதா துறைமுகங்களிலிருந்து நர்சுகளையும் தொழிலாளிகளையும் ஏற்றிவந்த காட்சிதான் நினைவில் இருக்கும். நம் ஆட்கள் வந்துவிட்டார்கள். போர் அங்கேயே இருந்துவிட்டது. 2014 செப்டம்பரில் வடக்கிலிருந்து வந்த ஹூதிகள் என்ற ஆயுதக் கிளர்ச்சியாளர்கள் தலைநகர் சனாவைப் பிடித்தார்கள். 2015 மார்ச்சில் சௌதி அரேபியா தலைமையில் ஒரு கூட்டணி விமானத் தாக்குதலைத் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகமும் அதில் இருந்தது. உலகம் அங்கீகரித்த அரசு பாதி ரியாதிலும் பாதி ஏடனிலும் இருந்தபடி ஆட்சி செய்தது. மக்களில் பெரும்பகுதியினர் ஹூதிகளின் கீழ் வாழ்கிறார்கள். 2021 இறுதிவரை சுமார் 3,77,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. அதில் அறுபது விழுக்காடு குண்டுபட்டுச் சாகவில்லை. பசியும் நோயும் மருந்தில்லாமையும் கொன்றவை.

"அரசுக்கு உதவி" என்று எழுதும்போது எந்த அரசு என்ற கேள்வி இங்கே முதல் வரியிலேயே எழுந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு பயிற்சி வழியைப் பார்க்கலாம்.

2015 செப்டம்பரில் பன்னாட்டு விசாரணை வேண்டும் என்று நெதர்லாந்து ஒரு வரைவு கொண்டுவந்தது. சௌதி தரப்பு எதிர்த்தது. நெதர்லாந்து வரைவைத் திரும்பப் பெற்றது. அக்டோபர் 2 அன்று அரபு நாடுகள் முன்வைத்த வேறொரு தீர்மானம் நிறைவேறியது. ஏமன் அரசு தானே அமைத்த தேசிய விசாரணை ஆணையத்துக்குத் தொழில்நுட்ப உதவி செய்யுங்கள் என்று அது ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையரைக் கேட்டுக்கொண்டது. இதற்கு முந்தைய நாள், அக்டோபர் 1, அதே கூட்டத்தொடரில் நிறைவேறியதுதான் இலங்கை பற்றிய 30/1 தீர்மானம். உள்நாட்டுப் பொறிமுறை, வெளிநாட்டு நீதிபதிகளின் பங்கு என்றெல்லாம் நாம் வருடக்கணக்கில் வாதாடிய அதே தீர்மானம். 2020 பிப்ரவரியில் கொழும்பு அதிலிருந்து விலகிக்கொண்டதும் நமக்குத் தெரியும். அதனால் ஏமன் கதையின் இந்தப் பகுதி தமிழ் வாசகருக்குப் பழகிய ருசியாகத்தான் இருக்கும்.

ஏமனின் தேசிய ஆணையத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். அதன் விசாரணையாளர்கள் ஏமன்காரர்கள். தாயிஸில் ஷெல் விழுந்த வீட்டுக்கு மறுநாளே போக அவர்களால் முடிகிறது. ஜெனீவாவிலிருந்து வருகிறவருக்கு விசா கிடைக்கவே ஆறு மாதம் ஆகும். அவர்கள் எழுதும் கோப்பு அரபியில், உள்நாட்டுச் சட்டத்தின் மொழியில் இருக்கிறது. கூட்டணியின் விமானத் தாக்குதல்களையும் அவர்கள் விசாரித்திருக்கிறார்கள். சாட்சியை எப்படிக் கேள்வி கேட்பது, வன்முறைக்கு ஆளான பெண்ணிடம் எதைக் கேட்கக் கூடாது, பெயரை எப்படி மறைத்துவைப்பது என்று உயர் ஆணையர் அலுவலகம் சொல்லிக்கொடுத்தால் அது வீணாகாது.

கோளாறு வேறு இடத்தில். ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பது அதிபரின் ஆணை. அதாவது போரில் சண்டையிடும் ஒரு தரப்பு. எதிர்த் தரப்பான ஹூதிகள் அதை ஏற்பதே இல்லை. விசாரித்து முடித்த கோப்பு அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் போகும். போரில் உடைந்துபோன நீதிமன்றங்கள், அதற்குள் யார் கை ஓங்கியிருக்கிறது என்று தினமும் மாறும் ஏடன். கோப்பு அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இதைவிட மோசம் ஒன்று உண்டு. பன்னாட்டு விசாரணை என்ற பேச்சு எழும்போதெல்லாம் "எங்களுக்குத்தான் ஆணையம் இருக்கிறதே, அதற்கு உதவுங்கள்" என்ற பதில் வந்தது. வீட்டுக்குள் பஞ்சாயத்து வைத்துக்கொள்கிறோம், வெளியாள் எதற்கு என்கிற பழைய வாதம். பயிற்சிக்குக் கொடுத்த பணம் கேடயம் வாங்கவும் உதவியது.

அதே சமயம், பயிற்சியும் பேச்சுவார்த்தையும் எப்போது கொஞ்சமாவது பலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயுதப் படைகளில் குழந்தைகளைச் சேர்ப்பவர்கள், குழந்தைகளைக் கொல்பவர்கள் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறார். ஹூதிகள் அதில் இருந்தார்கள். 2022 ஏப்ரலில் குழந்தைகளைச் சேர்க்க மாட்டோம், சேர்த்தவர்களை விடுவிப்போம் என்று ஐ.நா.வுடன் செயல்திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். எழுதிக்கொடுத்ததை எவ்வளவு காப்பாற்றினார்கள் என்பது வேறு கதை. ஆனால் கையெழுத்துப் போட வந்ததற்கு முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. பெயர் எழுதிய பிறகுதான் உதவி பேச உட்கார்ந்தார்கள்.

பட்டியலுக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய 2016 ஜூன் மாதத்தைப் பாருங்கள். சௌதி கூட்டணியின் பெயர் அதில் ஏறியது. சில நாட்களிலேயே இறங்கியது. வேண்டாத நிர்ப்பந்தம் வந்தது, நிதி நின்றுபோனால் எத்தனையோ நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகள் பாதிக்கப்படுவார்கள் என்பதால் மிகக் கடினமான முடிவை எடுத்தேன் என்று பான் கீ மூன் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு பொதுச் செயலாளர் அப்படி வாய்விட்டுச் சொன்னது அபூர்வம். வெறும் காகிதத்தில் பெயர் வருவதைத் தடுக்க ஒரு நாடு அவ்வளவு மெனக்கெடுகிறது என்றால், அந்தக் காகிதத்துக்கு ஏதோ வலு இருக்கிறது.

இனி விசாரணைக் குழு. 2017 செப்டம்பர் 29 அன்று 36/31 என்ற தீர்மானத்தின்படி, மேன்மைமிகு நிபுணர்கள் குழு என்ற சற்றே ராஜசபைப் பெயரோடு அது அமைந்தது. தலைவர் துனீசியாவின் கமல் ஜந்தூபி. அப்போது வாக்கெடுப்பு நடக்கவில்லை. சௌதியும் ஒத்துக்கொண்ட சமரசம் அது. முதல் வருடம் குழுவினர் ஏடன், சனா, சஅதா, ஹொதைதாவுக்கெல்லாம் போக முடிந்தது. முதல் அறிக்கை வெளிவந்த பிறகு கதவு சாத்தப்பட்டது. அதற்கப்புறம் மூன்று வருடம் அவர்கள் வெளியிலிருந்தே வேலை செய்தார்கள்: தொலைபேசிப் பேட்டி, செயற்கைக்கோள் படம், ஆவணம், தப்பி வந்தவர்களின் வாக்குமூலம்.

இந்த வகை வேலை எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது என்று விளங்கிக்கொள்ள ஒரே ஒரு சம்பவம் போதும். 2018 ஆகஸ்ட் 9. வடக்கே சஅதா மாகாணத்தில் தஹ்யான் என்ற ஊரின் சந்தை. கோடைக்கால வகுப்புச் சிறுவர்களைச் சுற்றுலா கூட்டிப் போன பேருந்து ஒன்று அங்கே நின்றது. அதன்மேல் குண்டு விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கில் இறந்தவர் 51 பேர். அதில் 40 பேர் குழந்தைகள். அன்றைக்கு வந்த படங்களில் புழுதியும் ரத்தமும் படிந்த நீல நிறப் பள்ளிப் பைகள் கிடந்தன. யூனிசெஃப் கொடுத்த பைகள். இது முறையான ராணுவ நடவடிக்கை என்று கூட்டணி அன்றே சொன்னது. இடிபாட்டில் கிடந்த குண்டின் துண்டுகளை ஊர்க்காரர்கள் படம் எடுத்தார்கள். தகட்டிலிருந்த எண்களை வைத்து அது அமெரிக்காவில் தயாரான எம்கே 82 ரகக் குண்டு என்று ஆயுத நிபுணர்கள் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுக்க அந்தத் தகட்டின் படம் போனது. ஆகஸ்ட் 28 அன்று நிபுணர் குழுவின் முதல் அறிக்கை வந்தது. செப்டம்பர் 1 அன்று, தவறு நடந்திருக்கிறது என்று கூட்டணியின் சொந்த ஆய்வுக் குழுவே ஒப்புக்கொண்டது. "முறையான நடவடிக்கை" 23 நாளில் "தவறு" ஆனது.

நிபுணர் குழுவால்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய முதல் அறிக்கை ஜூன் வரையிலான காலத்தைப் பற்றியது. தஹ்யான் அதில் இல்லை. ஆனால் தகட்டைப் படம் எடுத்த ஊர்க்காரர், அதை வாங்கிச் சரிபார்த்த ஏமன் அமைப்பு, எழுதிய பத்திரிகையாளர், ஜெனீவாவில் அடுத்த அறிக்கைக்குக் குறிப்பெடுக்கும் குழு என்று ஒரு சங்கிலி இருப்பது விமானத்தை அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். அந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி மட்டும்தான் எல்லா நாடுகளின் பெயராலும் பேசுகிறது.

குழு ஒரு தரப்பை மட்டும் எழுதவில்லை. ஹூதிகள் தாயிஸைச் சுற்றிவளைத்துக் குடியிருப்புகள்மேல் ஷெல் அடித்தது, கண்ணிவெடி புதைத்தது, சிறுவர்களைப் போருக்கு இழுத்தது, எல்லாம் அறிக்கைகளில் உண்டு. தெற்கே அமீரகத்தின் கையிலும் அதன் ஆதரவுப் படைகளின் கையிலும் இருந்த சிறைகளில் நடந்த சித்திரவதையும் உண்டு. 2020 அறிக்கை ஒரு படி மேலே போய், போருக்கு ஆயுதம் ஊட்டுகிறவர்கள் என்று அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், கனடா, ஈரான் ஆகியவற்றின் பெயரை எழுதியது. குழுவுக்கு நண்பர்கள் குறைந்ததில் எனக்கு வியப்பில்லை.

குறைகளும் நிறைய. யாரையும் அழைத்து விசாரிக்கும் அதிகாரம் இல்லை. ஒவ்வொரு வருடமும் ஆயுள் நீட்டிப்புக்குக் கையேந்த வேண்டும். பொறுப்பானவர்களின் பெயர்களை உறையிலிட்டு உயர் ஆணையரிடம் கொடுத்தார்கள். அந்த உறை இன்னும் உறையாகவே இருக்கிறது. நாலு வருடத்தில் நாலு பெரிய அறிக்கை, ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. ஏமனிலுள்ள ஒரு தாயிடம் "உன் மகனைப் பற்றி 37ஆம் பத்தியில் எழுதியிருக்கிறது" என்று சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆனால் குழு இல்லாமல் போனபோது என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா? 2021 அக்டோபருக்கு முந்தைய நாலு மாதத்தில் கொல்லப்பட்ட, காயமடைந்த பொதுமக்கள் 823 பேர். பிந்தைய நாலு மாதத்தில் 1,535 பேர். நார்வே அகதிகள் கவுன்சில் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட கணக்கு இது. நடுவில் ஜனவரி 21 அன்று சஅதா சிறைமேல் நடந்த விமானத் தாக்குதலில் மட்டும் 80க்கு மேற்பட்ட கைதிகள் செத்தார்கள். அதே வேளையில் ஹொதைதாவின் தொலைத்தொடர்பு மையமும் அடிபட்டு நாடு முழுக்கச் சில நாட்கள் இணையம் இல்லை.

குழு போனதால்தான் குண்டு கூடியது என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அது அவசரம். அந்த மாதங்களில் மாரிப், ஷப்வா முனைகளில் சண்டை உச்சத்தில் இருந்தது. ஜனவரி 17 அன்று ஹூதிகள் அபுதாபியைத் தாக்கியிருந்தார்கள். பதிலடி வரத்தான் போகிறது. காரணம் பல. இருந்தாலும் எனக்கு ஒன்று உறுத்துகிறது. சஅதா சிறைத் தாக்குதலை யார் விசாரித்து, எந்த மேடையில், எந்தப் பெயரில் சொல்வது என்ற கேள்விக்கு அன்றைக்கு விடையில்லை. ரதியா அல்முதவக்கிலும் அப்துல்ரஷீத் அல்ஃபகீயும் நடத்தும் முவாத்தனா போன்ற ஏமன் அமைப்புகள் எழுதின. மேலே எடுத்துச் செல்ல ஆளில்லை.

சாட்சியம் சேர்த்துவைக்கும் வழி சிரியாவில் நடந்தது. அங்கே பாதுகாப்பு அவையில் ரஷ்யாவின் வீட்டோ சுவர்போல நின்றது. அதனால் 2016 டிசம்பர் 21 அன்று ஐ.நா. பொதுச் சபை 105 வாக்குகளோடு ஓர் அமைப்பை உருவாக்கியது. அது நீதிமன்றம் கிடையாது. அறிக்கையும் அதற்கு முக்கிய வேலை கிடையாது. சாட்சியத்தை வழக்குக் கட்டாகத் தொகுத்து வைத்திருக்கும். விசாரிக்கத் தயாராக இருக்கும் எந்த நாட்டு வழக்கறிஞர் கேட்டாலும் எடுத்துக்கொடுக்கும். சிரியா அரசின் சம்மதம் தேவைப்படவில்லை. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகர நீதிமன்றம் சிரியா உளவுத்துறையில் கர்னலாக இருந்த அன்வர் ரஸ்லானுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அந்த வழக்கின் உயிர், தப்பி வந்து ஜெர்மனியில் குடியேறியிருந்த சிரியாக்காரர்கள் சொன்ன சாட்சி. அப்படிச் சாட்சி சொல்ல ஆளும் விசாரிக்க நீதிமன்றமும் இருக்கும் இடங்களில் இந்த வகைப் பெட்டகம் கைகொடுக்கும்.

ஏமனுக்கும் இதையே செய்யுங்கள் என்று நிபுணர் குழு 2020இல் எழுதியது. குழு கலைக்கப்பட்டதும் பல டஜன் அமைப்புகள் சேர்ந்து பொதுச் சபையிடம் கேட்டன. நடக்கவில்லை. சிரியாவில் குற்றவாளிக்கு மேற்கு நாடுகள் எதிரி. ஏமனில் ஒரு தரப்புக்கு அவை ஆயுத வியாபாரி. இதைவிடப் பெரிய விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த வழிக்கு ஏமனில் இன்னொரு இடறலும் உண்டு. சிரியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் ஐரோப்பா போனார்கள். சாட்சியும் போனது, சித்திரவதை செய்தவனும் அகதியாக அங்கே போய் மாட்டினான். ஏமன்காரர்களுக்குத் தப்ப வழியில்லை. வடக்கே சௌதி எல்லை, தெற்கே கடல். வெளிநாட்டு நீதிமன்றத்தில் நிற்க சாட்சி குறைவு. அதனால் ஏமன் சாட்சியம் வேறு கதவுகளைத் தட்டியது. 2019 ஜூன் 20 அன்று லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டணி ஏற்கெனவே சர்வதேசச் சட்டத்தை மீறியதா என்று மதிப்பிடாமலேயே சௌதிக்கு ஆயுத உரிமம் கொடுத்தது சட்டவிரோதம் என்று பிரிட்டன் அரசிடம் சொன்னது. மறுவருடம் அரசு மதிப்பிட்டுப் பார்த்து, நடந்தவை தனித்தனிச் சம்பவங்கள் என்று முடிவுகட்டி, விற்பனையைத் திரும்பத் தொடங்கியது. ஒரு வருடமாவது புது உரிமம் நின்றது. அதுவும் கோப்பு இருந்ததால்.

கடைசியாக, உள்ளூர்க்காரர்கள். மனித உரிமை உதவி என்று பட்ஜெட்டில் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். போரிலிருக்கும் நாட்டின் ஆர்வலர்களைப் பக்கத்து நாட்டு ஹோட்டலுக்கு மூன்று நாள் அழைத்துவந்து, சர்வதேச மனிதநேயச் சட்டம் என்றால் என்ன என்று வகுப்பெடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவது. செலவில் பாதி விமானத்துக்கும் மதிய விருந்துக்கும் போகும். ஏமன் ஆட்களுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. அவர்களுக்கு வேண்டியது மாதச் சம்பளம் நிற்காமல் வருவது, பதிவுகளை வெளிநாட்டு சர்வரில் பத்திரமாக வைப்பது, வழக்கறிஞர் கட்டணம், மிரட்டல் வந்தால் குடும்பத்தோடு ஊர் மாற ஒரு தொகை, தேவைப்பட்டால் விசா.

கடத்தப்பட்டோரின் தாய்மார் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. 2016இல் தொடங்கியது. ஏடனிலும் சனாவிலும் சிறை வாசல்களில் கறுப்பு அபாயா அணிந்த பெண்கள் மகனின் படத்தைப் பிடித்தபடி நிற்பார்கள். யார், எப்போது, யார் கையால் பிடிபட்டார், கடைசியாக எந்தச் சிறையில் பார்த்தார்கள் என்று அவர்களே பட்டியல் வைத்திருக்கிறார்கள். 2020 அக்டோபரில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், 2023 ஏப்ரலில் சுமார் 900 பேர் என்று இரு பெரிய கைதிப் பரிமாற்றங்கள் நடந்தன. ஹூதிகள் 2015இலிருந்து பிடித்துவைத்து, 2020இல் மரண தண்டனையும் விதித்திருந்த நாலு பத்திரிகையாளர்கள் இரண்டாவது பரிமாற்றத்தில் வெளியே வந்தார்கள். பேச்சுவார்த்தை மேசையில் பட்டியல் இல்லாமல் ஒருவரையும் மீட்க முடியாது. பட்டியலைச் சரியாக வைத்திருக்கிறவர்கள் அந்தத் தாய்மார்கள். போர்க்களத்தில் பிடிபட்ட சிப்பாயும், வீட்டிலிருந்து இழுத்துப்போன ஆசிரியரும் ஒரே தராசில் ஒருவருக்கு ஒருவர் என்று மாற்றப்படுவது அநியாயம்தான். ஆனாலும் மகன் வீட்டுக்கு வந்தான்.

இந்த வழியில் ஆபத்து முழுவதும் உள்ளூர்க்காரர் தலையில். 2024 ஜூனில் ஹூதிகள் ஐ.நா. ஊழியர்கள் 13 பேரையும் தொண்டு நிறுவனங்களைச் சேர்ந்த பலரையும் ஒரே வீச்சில் பிடித்தார்கள், எல்லாரும் ஏமன்காரர்கள். ஆகஸ்டில் சனாவிலிருந்த உயர் ஆணையர் அலுவலகத்துக்குள் நுழைந்து ஊழியர்களிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில் உலக உணவுத் திட்ட ஊழியர் ஒருவர் காவலிலேயே இறந்தார். அந்த வருட இறுதியில் காவலில் இருந்த ஐ.நா. ஊழியர் எண்ணிக்கை 59ஐத் தொட்டு மேலே போனது. வெளிநாட்டுப் பணம் வாங்கினாலே உளவாளி என்ற நிலை. இப்போது ஒரு நாடு ஏமன் அமைப்புக்கு உதவுகிறேன் என்று பத்திரிகைச் செய்தி வெளியிட்டால், அந்தச் செய்தியே சனாவில் குற்றப்பத்திரிகையாகும்.

இவ்வளவுக்குப் பிறகு எதைத் தேர்வது? முதல் பணம் உள்ளூர்க்காரர்களுக்கு என்பதே என் முடிவு. விளம்பரமில்லாமல், வருடக்கணக்கில், சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும். அவர்கள் சேர்ப்பதை நாட்டுக்கு வெளியே பூட்டிவைக்கும் சாட்சியப் பெட்டகம் அதற்கு அடுத்தது. இரண்டும் சேர்ந்தே நிற்க வேண்டும். பெட்டகம் இல்லாவிட்டால் ஒரு சோதனையில் கணினி போனால் பத்து வருட வேலை போய்விடும். அரசுக்குப் பயிற்சியை மூன்றாவதாக வைப்பேன், அதுவும் தனியாகக் கொடுக்க மாட்டேன்.

விசாரணைக் குழுவை எங்கே வைப்பது என்பதில்தான் நான் பலரோடு வேறுபடுகிறேன். அதையும் பயிற்சியையும் எதிரெதிராக நிறுத்துவதே பிசகு. 2017 தீர்மானத்தின் தலைப்பைப் பாருங்கள்: ஏமனில் மனித உரிமைகள், தொழில்நுட்ப உதவி, திறன் மேம்பாடு. ஒரே காகிதம். நிபுணர் குழுவும் அதில்தான் இருந்தது, தேசிய ஆணையத்துக்கு உதவியும் அதில்தான் இருந்தது. குழு வேண்டாதவர்கள் அதை வீழ்த்த நினைத்தால் தங்களுக்கு வேண்டிய உதவியையும் சேர்த்து வீழ்த்த வேண்டும். 2018இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஏமன் நிலைமை பற்றியது, இன்னொன்று தொழில்நுட்ப உதவி பற்றியது. அந்த வருடமே குழுவின் தீர்மானம் வாக்கெடுப்புக்குப் போனது: ஆதரவு 21, எதிர்ப்பு 8. அடுத்த வருடம் எதிர்ப்பு 12. 2021இல் 21. இனிப்பு தனித் தட்டிலும் மருந்து தனித் தட்டிலும் வைத்தால் குழந்தை எதை எடுக்கும் என்று ஜெனீவாவில் யாரும் யோசிக்கவில்லையா, அல்லது யோசித்துத்தான் பிரித்தார்களா, தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்தால் அரசுகள் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். கொங்கோவில் ஒத்துக்கொண்டது. காசாய் பகுதிப் படுகொலைகளை விசாரிக்க 2017 ஜூனில் பேரவை அனுப்பிய பன்னாட்டு நிபுணர் குழு, 10ஆம் இனத்தின்கீழ், கின்ஷாசா அரசின் சம்மதத்தோடு போனது. அதே வரிசையில் தடய அறிவியல் நிபுணர்களும் கொங்கோ ராணுவ நீதித் துறைக்கு உதவப் போனார்கள். குற்றத்தை வெளியாள் எழுதினார், குழி தோண்டி எலும்பை எடுக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார். எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று சொல்லவில்லை; ஆனால் காகிதம் ஒன்றாகவே இருந்தது.

ஏமன் பற்றிய தொழில்நுட்ப உதவித் தீர்மானம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது, பெரும்பாலும் செப்டம்பர் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், எல்லாருக்கும் விமானம் பிடிக்கும் அவசரம் இருக்கும்போது. ஏதாவது ஒரு நடுத்தர நாடு, ஆயுதம் விற்காத நாடாக இருந்தால் நல்லது, அந்த வரைவில் ஒரே ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லலாம்: இந்த உதவியின் பகுதியாக, ஏமனின் எல்லாத் தரப்பிலிருந்தும் வரும் சாட்சியத்தை உயர் ஆணையர் அலுவலகம் பெற்று நாட்டுக்கு வெளியே பாதுகாக்க வேண்டும். இலங்கைக்கு 2021 மார்ச்சில் 46/1 தீர்மானம் ஏறக்குறைய இதைச் செய்தது, அரசின் எதிர்ப்பையும் மீறி. ஏமன் வரைவில் அந்தப் பத்தி வந்தால் யாராவது வாக்கெடுப்பு கேட்பார்கள். கேட்கட்டும். அப்போது அவர்கள் வாக்களிக்க வேண்டியது ஏமனுக்கான உதவிக்கு எதிராக.